தபால் பெட்டியில் அப்பா பெயர்

டோர்ட்முண்டில் குடியேறி மூன்று வாரமாகியும் எனக்கு ஒரு தபாலும் வரவில்லை. ஏடிஎம் கார்டு ஒரு கவரிலும் அதன் ரகசிய எண் (PIN) இன்னொரு கவரிலும் வரும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே வந்த வழியே திரும்பிப் போயிருந்தன. வாசலில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகள் எதிலும் என் பெயர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஜெர்மனியில் பெரும்பாலும் முகவரி என்றால் தெருவும் கட்டட எண்ணும்தான். மாடி எண், கதவு எண் எழுதுவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போட்டுவிட்டுப் போவார்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. நான் விவரம் தெரியாமல் என் பெயரை மட்டும் எழுதி ஒட்ட, அடுத்த கடிதமும் திரும்பியது. அதன்பிறகு அப்பா பெயரை ஒட்டினேன். பல்கலைக்கழகத்தில் 'ஹெர்' (திரு) போட்டு அப்பா பெயரைக் கூப்பிட்டால், அது என்னைத்தான் என்று திரும்பிப் பார்க்கவே ஒரு மாதம் பிடித்தது.

இங்கே எல்லாம் தபாலில்தான் நடக்கிறது. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்று கேட்பார்கள். பகுதிநேர வேலைக்கு வேண்டிய வரி எண்ணும் அந்த முகவரிக்குத்தான் வரும். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) கட்டிய 11,904 யூரோவும் மொத்தமாகக் கைக்கு வராது, மாதம் 992தான். அதுவும் உள்ளூர் வங்கிக் கணக்கு தயாரான பிறகே. ஆகவே முதல் மாதச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். நான் கொண்டுபோனது 300 யூரோ. தட்டுத்தடுமாறி ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முதல் ஞாயிறன்று அரிசி தீர்ந்துபோயிருந்தது. சமையலறை மூலையில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் 14 கிடந்தன. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், மொத்தம் மூன்றரை யூரோ. ஆனால் அவற்றை வாங்கிக்கொள்ளும் இயந்திரம் பூட்டிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருந்தது! ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும் என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

ஜன்னல் கதை வேறு. சாம்பார் வாசனை போகட்டும் என்று ஜன்னலை மேலே கொஞ்சம் சாய்த்தபடி குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தேன். சுவர் குளிர்ந்து ஈரம் கோத்து, மூலையில் கருப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. பக்கத்து அறை ஜெர்மன் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள்: முழுசாகத் திற, ஐந்து நிமிடம் விடு, மூடு. காலை, மாலை இரண்டு வேளையும். சமைத்து முடித்தால் இன்னொரு முறை.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் நான் கறிவேப்பிலை வாங்கும் சாக்கில் இலங்கைத் தமிழர் கடைக்குப் போவேன். “சாப்பிட்டீங்களோ தம்பி?” என்று கல்லாவில் இருக்கும் அக்கா கேட்பதற்காகவே போனேன் என்றும் சொல்லலாம். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்த பையனை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன். பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்கு முன் வாசலிலேயே நிறுத்தி, மார்க்கரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கேட்டேன்:

“தம்பி, அப்பா பேரு என்ன?”