யந்திரமும் ஒரு தேசத்தின் வாழ்வும்: வீட்டிற் பயிலும் பிள்ளைக்கு ஒரு பாடம்

பாடசாலைக்குச் செல்லாது வீட்டிலேயே கல்வி பயிலும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சரித்திரம் போதிப்பவர், யந்திரங்களின் பெயர்களையும் வருஷங்களையும் மனப்பாடம் செய்வித்தால் மட்டும் போதாது. ஒரு தேசத்தாரின் தொழில் வீட்டை விட்டு எவ்வாறு வெளியேறிற்று, அதனால் யார் வாழ்ந்தனர், யார் தாழ்ந்தனர் என்பதை அப்பிள்ளை தானே ஆராய வேண்டும். இங்கிலாந்தின் பருத்தித் தொழில் இதற்குத் தக்க உதாரணமாகும்.

முதலில் ஒரு கணக்கு. 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள துண்டு ஒன்றில், அங்குலத்திற்கு 40 இழை வீதம் பாவும் ஊடையும் இருப்பதாகக் கொள்க. அத்துண்டில் உள்ள நூலின் மொத்த நீளம் 4,000 கஜம். பின்னர்ப் பிள்ளையிடம் தக்ளியையும் சிறிது பஞ்சையும் கொடுத்து அரைமணி நேரம் நூற்கச் செய்க. நூற்ற நூலை அளந்து, ஒரு துண்டிற்கு எத்தனை நாள் நூற்க வேண்டும் என்று அவனே கணக்கிடட்டும். நூற்போர் பலர் உழைத்தாலன்றி ஒரு தறி ஓடாது என்பது அப்பொழுது விளங்கும்.

இனிச் சரித்திரம். 1733-ம் வருஷத்தில் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவை அமைத்தார். நெசவு விரைவாயிற்று, நூற்பஞ்சம் அதிகரித்தது. அதனை நீக்க, சுமார் 1764-ல் ஹார்கிரீவ்ஸ் ஒரே சமயத்தில் எட்டுக் கதிர்கள் சுழலும் ராட்டையை உண்டாக்கினார். 1771-ல் ஆர்க்ரைட், கிராம்போர்டு என்னுமிடத்தில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை நிறுவினார். நூற்பு வீட்டை விட்டு ஆற்றங்கரைக்குச் சென்றது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி யந்திரம் 1780-க்குப் பின் சக்கரம் சுழற்றத் தக்கதாகத் திருத்தப்படவே, ஆலைகள் ஆற்றை நம்பாமல் நகரங்களிற் பெருகின. 1851-ம் வருஷத்து ஜனக்கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயிருந்தனர்.

நூல் மலிந்தபொழுது கைத்தறி நெசவாளருக்கு முதலில் நல்ல காலமே வந்தது என்பதைப் பிள்ளை தவறாது கவனிக்க வேண்டும். பலர் அத்தொழிலிற் புகுந்தனர், கூலி குறையலாயிற்று. 1820-க்குப் பின் நீராவித் தறிகள் விரைந்து பரவவே, கைத்தறிக் குடும்பங்கள் வறுமையில் ஆழ்ந்தன. ஆலைகளிலோ சிறு குழந்தைகளும் நெடுநேரம் உழைத்தனர். ஆலைக்குரிய பஞ்சிற் பெரும்பாகம் அமெரிக்க அடிமைகள் பயிரிட்டது. ஆலைத் துணியின் வரவால் இந்திய நெசவாளரும் தம் சந்தையில் ஒரு பாகத்தை இழந்தனர். துணி மலிந்தது உண்மை. அம்மலிவின் விலையைக் கொடுத்தவர் வேறு பலர் என்பதும் உண்மை.

இவ்விடத்தில் பாடத்தை நிறுத்தினால், யந்திரமே தீது என்று பிள்ளை எண்ணக்கூடும். ஆகவே இரண்டு பரிகாரங்களையும் கூறவேண்டும். ஒன்று சட்டம். 1833-ம் வருஷத்துச் சட்டம், பருத்தியாலைகளில் ஒன்பது வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தலைத் தடுத்தது. அதனை மேற்பார்க்க நான்கு இன்ஸ்பெக்டர்களும் நியமிக்கப்பட்டனர். மற்றொன்று ஒற்றுமை. 1844 டிஸம்பர் 21-ந் தேதி, ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர், சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் மூலதனத்துடன் ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றைக் கலப்படமின்றி, சரியான நிறையில், ரொக்கத்திற்கே விற்றனர். அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வோட்டு. லாபம் அவரவர் வாங்கிய சரக்கின் அளவுப்படி பங்கிடப்பட்டது. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு இக்கடை முன்மாதிரியாயிற்று.

பாடத்தின் முடிவில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதச் செய்க. யந்திரம் யாருடைய உழைப்பைக் குறைத்தது? அதன் லாபம் யாரிடம் சேர்ந்தது? வேலை இழந்தவர்க்கு ஊரார் என்ன செய்தனர்? தன் ஊருக்குப் புதிய யந்திரம் ஒன்று வரும் நாளில் இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளையே இப்பாடத்தைக் கற்றவனாவான்.