பிள்ளைகளை நடுவில் தவிக்க விடாதீர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் டியூட்டர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ஒரு மூத்த நர்ஸின் அறிவுரைகள்:

1. மயிலாப்பூரோ அடையாறோ, எங்கே போஸ்டிங் என்றாலும் டியூட்டர்களே, முன்கூட்டியே போய் வார்டு இன்சார்ஜைப் பாருங்கள். பயிற்சிக்கு வரும் நர்சிங் பிள்ளைகள் எந்த வருடம், எதைத் தனியாகச் செய்யலாம், எதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

2. வார்டில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். 10 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. அந்த ஒருவர் ரெஜிஸ்டரில் இருந்தால் போதாது, கட்டிலருகே இருக்க வேண்டும்.

3. ஸ்டாஃப் நர்ஸ்களே, லேபுக்கு ஓடவும் பிபி குறிக்கவும் மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். ஒரு நோயாளியை முழுசாக ஒப்படையுங்கள். ஹேண்ட் ஓவரில் அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

4. கணக்கும் கைவேலையும் ஒரே இடத்தில் நடக்கட்டும். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. டியூட்டர் கணக்கைக் கேட்கட்டும். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வைக்கட்டும். நோயாளி கையை மடக்கினால் சொட்டு குறைவதை அங்கேதான் பிள்ளை பார்க்கும்.

5. "காலேஜில் அப்படி, இங்கே இப்படித்தான்" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். முறை வேறுபட்டால் நீங்கள் இருவரும் தனியே உட்கார்ந்து பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். கை கழுவுவதில் மட்டும் பேரமே கிடையாது.

6. வார்டு சிஸ்டரை வகுப்பெடுக்க அழையுங்கள். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களின் அனுபவம் பாடப்புத்தகத்துக்குள் அடங்காது. கீமோ ஏறும்போது நோயாளி "ஊசி போட்ட இடம் எரியுதும்மா" என்றால் முதலில் மருந்தை நிறுத்து என்பதை, அதைப் பலமுறை செய்தவர் சொன்னால் மனதில் நிற்கும்.

7. லாக் புக்கில் கடைசி நாளன்று மொத்தமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். செய்ததைக் கண்ணால் பார்த்தவர் அன்றைக்கே போடட்டும்.

8. வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். அங்கே 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. கற்பிப்பவர்களே வார்டுப் பொறுப்பையும் ஏற்கும் முறை அங்கே உண்டு. சென்னையில் எல்லா இடத்திலும் அப்படி அமையாது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த பேட்ச் வருவதற்குள் டியூட்டரும் இன்சார்ஜும் ஒருவர் போன் நம்பரை மற்றவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது பேசுங்கள்.