பிழை யாருடையது?

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அந்நகரின் ஒரு பகுதி டெலானிபூர். 2018-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே ஓர் அன்பரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் காலையில் அவ்வீட்டுப் பெரியவர் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் பெறுவதற்காகப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

வரிசையில் இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். கவுண்டரில் ஓர் இளம்பெண் பணியில் இருந்தார். பதினொரு மணி வரை வேலை ஒழுங்காக நடந்தது. அதன் பின்னர் கணினித் திரை அசையாமல் நின்றுவிட்டது. "சர்வர் வரவில்லை, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அப்பெண். அரை மணி கடந்தது. ஒரு மணியும் கடந்தது. பெரியவர் பொறுமை இழந்தார். "மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கத் தெரிகிறது, இந்த ஒரு வேலை தெரியவில்லையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இரைந்தார். அப்பெண் தலை நிமிராமல், "ஐயா, நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது" என்று மட்டும் சொன்னார். அன்று வெறுங்கையோடு திரும்பினோம்.

மறுநாள் மீண்டும் சென்றோம். பெரியவரைக் கண்டதும் அப்பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதல்நாள் காத்திருந்தவர்களின் பெயர்களை அவர் வரிசைப்படி அதில் எழுதி வைத்திருந்தார். "உங்களுக்கு ஏழாவது இடம், ஐயா. மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டாம்" என்றார். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நேற்று நான் பேசியது தவறு" என்று கைகூப்பினார்.

வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் கேட்டார்: "சுவாமி, நேற்று நடந்த பிழை யாருடையது?"

அன்று என்னால் முழுமையான விடை கூற இயலவில்லை. அக்கேள்வியையே இங்கு நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

பிழை பிறக்கும் இடம்

அந்த நாளைப் பொறுத்தவரை காரணம் பெரும்பாலும் தொலைவாகவே இருந்திருக்கும். அக்காலத்தில் அந்தமான் தீவுகளை இணையத்தோடு இணைத்தவை செயற்கைக்கோள்கள் மட்டுமே. ஒரு தகவல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் சென்று, மீண்டும் அவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டும். அந்த வழியும் குறுகியது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் நெரிசல் ஏற்பட்டுவிடும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையிலிருந்து கடலுக்கடியில் இடப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடியிழைக் கம்பித் தொடர் பயன்பாட்டிற்கு வந்தது. அதன்பின் தீவுகளின் நிலை பெரிதும் மேம்பட்டது.

ஆயினும், இணைப்பு சிறப்பாக உள்ள பெருநகரங்களிலும் கணினி நிற்கத்தான் செய்கிறது. ஏன்?

மென்பொருள் என்பது கட்டளைகளின் தொகுப்பு. அதனை எழுதுபவர், 'இன்னின்ன நிலைமைகள் வரும்' என்று சிலவற்றை எதிர்பார்த்து எழுதுகிறார். எதிர்பாராத நிலைமை வரும்போது, மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதையே செய்கிறது. அது அங்கே பொருந்தாமல் போகிறது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்ட நாற்பது வினாடிகளுக்குள் சிதறியது. ஏரியன்-4 ராக்கெட்டில் குறையின்றி உழைத்த மென்பொருளின் ஒரு பகுதியை அதில் அப்படியே பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அவ்வேகத்தைக் குறிக்கும் எண், பழைய மென்பொருள் ஒதுக்கியிருந்த இடத்தில் அடங்கவில்லை. ஒரு காலத்தில் சரியாக இருந்த எதிர்பார்ப்பு, நிலைமை மாறிய பிறகும் சோதிக்கப்படாமல் விடப்பட்டது, அதுவே பிழையாயிற்று.

என் மேசையில் நடந்தது

பெரியவரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. 2007-ஆம் ஆண்டில் நூலொன்றின் சில அத்தியாயங்களை மொழிபெயர்த்துக் கணினியில் சேமித்திருந்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு புதிய கணினியில் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாக, ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே நிறைந்திருந்தன. கணினியைப் பார்த்துக்கொண்ட இளைஞரை அழைத்து, "என்ன செய்து வைத்தாய்?" என்று கடிந்துகொண்டேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. தமிழ்த் தட்டச்சின் வரலாறு செய்த வேலை அது. அந்நாட்களில் நம்மில் பலர் பயன்படுத்திய எழுத்துருக்கள், ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியிருந்தன. டாம், டாப், டிஸ்கி என்று குறியீட்டு முறைகளும் பல. கணினி சேமிப்பது எண்களை மட்டுமே; அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே எண்கள் ஐரோப்பிய எழுத்துகளாகவே தோன்றும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கும் யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010-ஆம் ஆண்டில்தான். நான் பழைய முறையிலேயே தங்கிவிட்டேன். மாற்றி வைக்க வேண்டும் என்றும் அறியவில்லை. குறியீடு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு அவ்விளைஞரே இரண்டு நாட்களில் அத்தனை பக்கங்களையும் மீட்டுத் தந்தார். நான் கடிந்துகொண்ட சொல்லை மட்டும் மீட்க முடியவில்லை.

வீடுகளிலும் இது நாள்தோறும் நிகழ்கிறது. வயதான தாய் கைப்பேசியை நீட்டி, "இது வேலை செய்யவில்லையப்பா" என்கிறார். மகனின் முதல் கேள்வி, "எதை அழுத்தினீர்கள்?" என்பதே. அந்தச் செயலி முந்தைய இரவு தானாகவே புதுப்பித்துக்கொண்டு, பழகிய பொத்தானை வேறிடத்திற்கு மாற்றியிருக்கலாம். ஆனால் குற்றம் அம்மாவின் விரலுக்குப் போய்விடுகிறது. இவ்வாறு சிலமுறை கேட்ட பிறகு அவர் கைப்பேசியைத் தொடவே அஞ்சுகிறார். பிறகு, உதவி கேட்கவும் அஞ்சுகிறார்.

பெரியவரும் நானும் அந்த மகனும் செய்தது ஒன்றே. பிழை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அருகில் நிற்கும் மனிதர் தெரிகிறார். ஆகவே சினம் அவர் மீது பாய்கிறது.

ஒரு நாட்டில் நடந்த அநீதி

இந்தச் சிறிய தவறு ஒரு நிறுவனத்தின் வழக்கமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரிட்டனில் நடந்தது காட்டுகிறது.

அங்குள்ள அஞ்சலகங்களில் 1999-ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. சிற்றூர்களிலும் நகர்த் தெருக்களிலும் சிறு அஞ்சலகங்களை நடத்திவந்த எளிய மனிதர்களின் கணக்கில், இல்லாத பற்றாக்குறையை அது காட்டத் தொடங்கியது. அவர்கள் உதவி எண்ணை அழைத்தபோது, இத்தகைய சிக்கல் வேறு யாருக்கும் இல்லை என்றே பலருக்கும் சொல்லப்பட்டது. பலர் தம் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, அந்த இல்லாத பற்றாக்குறையை ஈடுசெய்தனர். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றவர்கள் உண்டு. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டோரில் இந்திய வம்சாவளியினரும் பலர்.

ஆலன் பேட்ஸ் என்னும் முன்னாள் அஞ்சலக நடத்துநரின் தலைமையில் 555 பேர் வழக்குத் தொடுத்தனர். மென்பொருளில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில், தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றியது. இருபது ஆண்டுகளாக ஒரு பக்கம் நேர்மையான மனிதர்களின் சொல், மறு பக்கம் திரையில் தோன்றிய எண். நம்பப்பட்டது எண்.

யாருடைய சொல் நம்பத்தக்கது?

நம் நாட்டுத் தருக்க நூலார் இக்கேள்வியை வெகு காலத்திற்கு முன்பே எழுப்பினார்கள். அறிவு பெறும் வழிகளாக நியாய தரிசனம் காட்சி, அனுமானம், உவமானம், சப்தம் என்னும் நான்கைக் கூறுகிறது. சப்தம் என்பது பிறர் சொல்லால் பெறும் அறிவு. ஆனால் எல்லோர் சொல்லும் பிரமாணம் ஆகாது. ஆப்தரின் சொல்லே பிரமாணம். ஒன்றை நேரில் அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவரே ஆப்தர்.

கணினித் திரையில் தோன்றும் எண்ணை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். கணினி எதையும் நேரில் அறிவதில்லை. உண்மை சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் அதற்கு இல்லை. பொய் சொல்லும் எண்ணமும் இல்லை. கட்டளைகளை எழுதியவர், தகவலை உள்ளிட்டவர், இரண்டையும் சோதித்தவர் ஆகிய முகம் தெரியாத பலரின் சொற்களே அங்கு எண்ணாக வந்து நிற்கின்றன. அவர்களில் ஒருவர் தவறினாலும் எண் தவறும். ஆகவே திரை சொல்வது தொடக்கச் செய்தி மட்டுமே, தீர்ப்பாகாது. ஆராய்ந்த பிறகே நம்புவதற்கென்று வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மனிதர்களைக் குறித்து அவர் வைத்த அந்த நெறி, இன்று இயந்திரங்களுக்கும் வேண்டியதாகிறது.

இதனால் கணினியை வெறுக்க வேண்டியதில்லை. தொலைவில் உள்ள தீவுக்கு மருத்துவரின் ஆலோசனையையும் மாணவருக்குப் பாடத்தையும் கொண்டு சேர்ப்பது அதுவே. கருவியைக் கருவியாக மதித்தால் போதும்.

நாம் பழக வேண்டியவை

முதலாவது, கணினி நின்றவுடன் பேசுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நிற்பது. 'எதிரில் இருப்பவர் இதைச் செய்தாரா, அல்லது என்னைப் போலவே இதில் சிக்கியிருக்கிறாரா?' என்று மனத்திற்குள் கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் சொல்ல வந்த சொல் மாறிவிடும்.

இரண்டாவது, நம் கையில் உள்ளதைச் செய்து வைப்பது. எழுதியதை அவ்வப்போது சேமித்தல், வேறோர் இடத்தில் பிரதி வைத்தல், பழைய கோப்புகளை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்தல், முக்கியமான எண்களைத் தாளிலும் குறித்தல் ஆகியவை சிறிய செயல்கள். ஆனால் பின்னால் வரவிருக்கும் பெருஞ்சினத்தை இவை தடுத்துவிடும்.

மூன்றாவது, பிழையை மறைக்காமல் உரியவரிடம் தெரிவிப்பது. பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. எந்த நாள், எந்த நேரம், திரையில் என்ன தோன்றியது என்று நிதானமாக எழுதிக் கொடுக்கும் முறையீடு, இரைச்சலைவிடப் பயன் தரும். ஒருவரின் முறையீட்டால் பலரின் துன்பம் நீங்கலாம்.

நான்காவது, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உரியது. நெடுநாள் பழகிய ஊழியரின் சொல்லும் கணினியின் கணக்கும் முரண்பட்டால், இரண்டையும் ஒரே கண்டிப்போடு சோதியுங்கள். இயந்திரத்தைச் சோதிக்காமல் மனிதரைத் தண்டிக்காதீர்கள்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து, விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது டெலானிபூர்ப் பெரியவரின் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. பிழை யாருடையது என்பதை ஆராய நாளாகலாம். சில வேளைகளில் இருபது ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. ஆனால் அந்த வேளையில் எதிரில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை நாம் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த இளம்பெண் ஏச்சைக் கேட்ட பின்னரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஏசியவரின் பெயரையும் அவருக்குரிய இடத்தில் எழுதினார். கணினி நிற்கும் ஒவ்வொரு முறையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டியது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.