நலச் செய்தியை ஆராய்ந்து ஏற்போம்

கைப்பேசியைத் திறந்தால் உடல்நலம் பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. அவற்றுள் மெய் எது, பொய் எது எனப் பிரித்தறியும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் பணி தமிழகமெங்கும் தொடங்கிற்று. அவ்வூசி தீங்கு பயக்கும் என்னும் வதந்தி வாட்சப் வழியே பரவிற்று. பெற்றோர் பலர் அஞ்சித் தயங்கினர். அம்மாத இறுதியில் முடிய வேண்டிய பணி மார்ச்சு வரை நீண்டது.

திருநெல்வேலிப் பேட்டையில், மகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய்க்கு அச்செய்தி வந்ததாகக் கொள்வோம். அவர் எழுப்ப வேண்டிய வினாக்கள் நான்கு.

1. கூறியவர் யார்? ‘பெரிய மருத்துவர் ஒருவர்’ என்பது போதாது. உலக சுகாதார நிறுவனம், நடுவணரசின் சுகாதார அமைச்சகம் ஆகியவற்றின் இணையதளங்கள் அதுபற்றி யாது உரைக்கின்றன என நோக்குதல் வேண்டும். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என முடிவது இந்திய அரசுத் தளமாகும்.

2. சான்று இன்றும் நிலைக்கிறதா? தட்டம்மை உள்ளிட்ட முந்நோய்த் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 12 குழந்தைகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட அதனை 2010இல் அவ்விதழே திரும்பப் பெற்றது. ஆயினும் பழைய கூற்று இணையத்தில் இன்னும் உலவுகின்றது.

3. கூறுபவர்க்கு ஆதாயம் உண்டா? ஊசியைப் பழித்து, அடுத்த வரியிலேயே தம் மருந்தை விற்பவரை ஐயுறுதல் தகும்.

4. நம்பி மறுத்தால் நேரும் இழப்பு யாது? ரூபெல்லா சிறுவர்க்குப் பெரும்பாலும் எளிய நோயே. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயைத் தொற்றினாலோ, பிறக்கும் மகவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறை நேரலாம். கண்புரைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1941இல் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். இன்றைய சிறுமி நாளைய தாய் அன்றோ!

இவற்றிற்குப் பின்னும் ஐயம் எஞ்சினால், 104 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் வினவலாம். பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். இணையம் பொதுச் செய்தியை உரைக்கும். நம் குழந்தையின் உடல்நிலையை நேரில் கண்டு கூற வல்லவர் மருத்துவரே.

விடை தெளியும் வரை அச்செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். நம் விரல் அனுப்பிய ஒரு வரியால் அயலார் குழந்தைக்குத் தீங்கு நேராமற் காப்பதும் இன்னா செய்யாமையே ஆகும்.