நந்தனின் குரல்

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று உண்டு. வட்ட வடிவினதாய்க் கூம்பி உயர்ந்த அதில் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். அந்நெல்லை விளைவித்த பண்ணையாட்களின் பெயர்களை எவரும் எழுதி வைத்திலர்.

ஆயினும், அத்தகையோரின் துயரைப் பாட்டில் ஏற்றிய புலவர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இக்காவிரி நாட்டிலேயே தோன்றினார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியாரே அவர். அவர் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது.

நந்தனார் கதை பெரியபுராணத்தில் உள்ளதே. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த அவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்து வந்தார். அவர் தந்த தோல் கோயிலுள்ளே முழங்கியது. அவரோ வெளியே நின்றார்! சேக்கிழார் காட்டும் நந்தனார்க்கு ஊரார் விட்ட மானிய நிலமே வாழ்வு. அவரை ஏவும் ஆண்டை எவரும் இலர். வேதியராகிய பண்ணையாரைப் படைத்துக் கதையினுட் புகுத்தியவர் பாரதியாரே. தில்லை செல்ல விடை கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து முடித்தபின் செல் என்கிறார் பண்ணையார். தஞ்சை வயல்களிற் கண்ட அடிமை வாழ்வையே புலவர் அங்ஙனம் புராணத்தில் வைத்தார் எனக் கொள்ளலாம்.

கேட்போர் உள்ளத்தை ஈர்த்தது அதன் இசையே. கற்றோர் போற்றும் இராகங்களோடு, பாமரர்க்குப் பழகிய நொண்டிச்சிந்தும் அதில் உண்டு. கோயிலை அணுக அஞ்சிய நந்தன், தான் வரலாமோ என்று வினவும் பாட்டு மாஞ்சி இராகத்தில் அமைந்தது. உரத்துச் சினவாமல் தயங்கித் தயங்கி நகரும் அவ்விசையே அநீதியை உணர்த்திவிடுகிறது. இலக்கணப் பிழை கண்டு சிறப்புப்பாயிரம் தர மறுத்துவந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகி அதனை வழங்கினார்.

கடல் கடந்த ஜமைக்காத் தீவிலும் இதனோடு ஒப்புநோக்கத் தக்க இசை ஒன்று எழுந்தது. ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாய்க் கொணரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள், 1960-களின் இறுதியில் ‘ரெகே’ இசையை உருவாக்கினர். ஆழ்ந்து முழங்கும் பாஸ் கிதாரும், தாள அடிகளின் இடையே வெட்டி ஒலிக்கும் மற்றொரு கிதாரும் அதன் அடையாளம். வறுமையையும் அடக்குமுறையையும் பாடிய அவ்விசையைப் பாப் மார்லி (1945–1981) உலகறியச் செய்தார். வேறுபாடு ஒன்று உண்டு, அது சிறிதன்று. அங்கே ஒடுக்கப்பட்டோர் தாமே பாடினர்; இங்கே நந்தனுக்காக வேறொருவர் பாடினார். அதனாற்போலும், பாரதியாரின் நந்தன் இறுதிவரை விடை வேண்டியே நிற்கிறான். தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக் கோயிலினுட் புகுகிறான்.

1942-இல் ‘நந்தனார்’ திரைப்படம் வெளிவந்தது. பாபநாசம் என்னும் ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன்னே கொண்ட சிவன், அதற்குப் பாடல் இயற்றியோருள் ஒருவர். நந்தனாராக நடித்துப் பாடியவர் தண்டபாணி தேசிகர்.