காம்பைப் பார்

அன்புள்ள தம்பி,

டெலவேர் ஆற்றுத் துறைமுகத்தில் ஃபியூமிகேஷன் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். சிலியிலிருந்து வரும் திராட்சைக்கு மெத்தில் புரோமைடு வாயு கொடுக்கப் போகிறாய். பூச்சி செத்ததா என்று கேட்க அங்கே ஆய்வாளர் உண்டு. பழம் என்ன ஆயிற்று என்று நீதான் கேட்க வேண்டும்.

வாயுவின் அளவில் கை வைக்காதே. சிலித் திராட்சையில் ஒட்டி வரும் செம்பேனுக்கு அமெரிக்க அட்டவணை வகுத்த அளவு அது: பழம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் கன மீட்டருக்கு 24 கிராம், 10 டிகிரிக்குக் கீழே என்றால் 64 கிராம், இரண்டு மணி நேரம். குளிரில் பேன் மெதுவாக மூச்சுவிடும், வாயுவைக் குறைவாகவே இழுக்கும். அதனால் பழத்தைச் சூடேற்றிவிட்டு வாயு விடுகிறார்கள். என் கணிப்பில், பழத்தின் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கப்பலில் உறைநிலையை ஒட்டிய குளிரில் வந்த பழம் அது. பத்து டிகிரி ஏறினால் அதன் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். குளிர்ந்த பழத்தில் வெளிக்காற்று பட்டதும் நீர் அரும்பும். பெட்டிக்குள் பூஞ்சையைத் தடுக்க வைத்த கிரேப் கார்டு தாளில் அந்த ஈரம் பட்டால் கந்தக டை ஆக்சைடு தேவைக்கு மேல் கிளம்பும். காம்படியில் பழம் வெளுக்கும். பழி மெத்தில் புரோமைடு மேல் விழும். நீ ஏமாறாதே, தாளைப் பிரித்துப் பார்.

மெத்தில் புரோமைடின் தடயம் காம்பில் தெரியும். பச்சை மங்கிப் பழுப்பேறி, நாலைந்து நாளில் குச்சியாகிவிடும். மாம்பழம்போலப் பறித்தபின் பழுக்கும் இனமில்லை திராட்சை; இழந்ததை மீட்க அதற்கு வழியில்லை. வாங்குபவர் முதலில் பார்ப்பதும் காம்பைத்தான். மற்றப் பழங்களில் தடயம் வேறு: எலுமிச்சையில் தோலில் குழி விழும், செர்ரியில் பளபளப்பு போகும்.

இந்த வாயு 3.6 டிகிரியிலேயே கொதிப்பது. ஆவியாக்கியில் வெந்நீர் போதாவிட்டால் திரவமாகவே தெறித்துப் பழத்தைச் சுடும். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, விசிறி நின்றால் அடியில் தேங்கும். கீழ்ப் பேலட்டுக்கு மிகை, மேல் பேலட்டுக்குக் குறை. இன்னொன்றை மறக்காதே. வேறு இடங்களில் எச்சரிக்கைக்காகக் கண்ணெரிச்சல் தரும் குளோரோபிக்ரினைக் கலப்பார்கள். பழத்தைக் கருக்கிவிடும் என்பதால் உன் சிலிண்டரில் அது இருக்காது. மணம் வந்து எச்சரிக்கும் என்று காத்திராதே, அளவுமானியை நம்பு. உன் உயிர் பழத்தைவிட எனக்குப் பெரிது.

காற்றோட்டம் முடிந்ததும் பழம் குளிரறைக்குப் போக வேண்டும், உடனே. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேலட்டுகள் கூடத்தில் கிடப்பதை யாரும் குற்றமாகப் பதிவதில்லை. நீ பதிவு செய். குத்தும் முனையுள்ள வெப்பமானியைப் பழத்தின் சதையில் இறக்கி, வாயுவுக்கு முன்னும் பின்னும், குளிரறை வாசலிலும் நேரத்தோடு எழுது.

அட்டகாமா, கொக்கிம்போ, வால்பரைசோ பகுதித் திராட்சைக்கு, தோட்டத்திலேயே பேனைக் கண்காணிக்கும் ஏற்பாட்டின் பேரில், வாயுவின்றி வர 2024இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரு வகையும் ஒரே குளிரறையில் நிற்கும் நாள் வந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியை ஒதுக்கி வை. ஒரே ரகம், ஒரே வாரத்து அறுவடையாக இருக்கட்டும். பத்து நாள் காம்பைப் பார்த்து எழுதி, அந்தத் தாளை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்