ஊசிக்கு முன் கேட்க வேண்டியது

மணப்பாடு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஓயாத அசதி, எதிலும் நாட்டமில்லை, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 240 என்று ரிப்போர்ட். ஜிம்முக்குக் கூட வருகிறவன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறான். தையில் கோயிலில் உன் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். அந்த ஊசியை இப்போது போட்டுவிடாதே. முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் சொல்கிறேன், காரணத்தோடு கேள்.

நம் கரையில் மீன் எடுக்கிற வியாபாரியை நினைத்துக்கொள். ஐஸ் பெட்டி காலியாக இருந்தால் வள்ளத்தைக் கடலுக்கு அனுப்பச் சொல்வார். நிறைந்துவிட்டால் போதும் என்பார். நம் மூளையில் அந்த வியாபாரியின் வேலையைச் செய்வது ஹைபோதலாமஸ். அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை விரைகளுக்கு அனுப்புகிறது. எல்.எச். வந்தால் விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். விந்தணு உண்டாக எஃப்.எஸ்.எச்சும் வேண்டும், விரைக்குள்ளேயே ஊறும் டெஸ்டோஸ்டிரோனும் வேண்டும். அங்கே அதன் அளவு ரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி வெளியூர் மீனைக் கொண்டுவந்து பெட்டியை நிரப்புகிற வேலை. ரிப்போர்ட்டில் எண் ஏறும், தெம்பும் வரும். ஆனால் பெட்டி நிறைந்ததைப் பார்த்த மூளை ஆர்டரை நிறுத்திவிடும். வள்ளம் மணலில் கிடந்து காயும். விரை சுருங்கும், விந்தணு குறையும், பலருக்கு அடியோடு நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். ஆனால் மாதக்கணக்காகும், சிலருக்கு வருஷத்தையும் தாண்டும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு உனக்கு இது எதற்கு?

இன்னொரு வழி இருக்கிறது. குளோமிபீன் என்கிற மாத்திரை, 1956-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்தது. கருமுட்டை வெளிவராத பெண்களுக்காக 1967-இல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். பெட்டி நிறைந்ததா இல்லையா என்று மூளை பார்ப்பது பெருமளவு அந்த ஈஸ்ட்ரோஜனை வைத்துத்தான். குளோமிபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி காலி என்று எண்ணி மூளை மறுபடி வள்ளத்தை அனுப்பும். உன் உடம்பே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், விந்தணு உற்பத்தியும் நிற்காது.

என் கவுன்டரில் ஒரு பையன் இந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பொம்பளைங்க மாத்திரை, டாக்டர் மாத்தி எழுதிட்டாரு" என்று திருப்பிக் கொடுத்தான். மாற்றி எழுதவில்லை. ஆண்களுக்கென்று இதற்குத் தனி அனுமதி இல்லாவிட்டாலும், குழந்தை வேண்டும் என்கிற ஆண்களுக்கு மருத்துவர்கள் யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை ஒரு வழியாகச் சொல்கிறது. குழந்தைக்கு முயல்கிறவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

அதற்காக நீயே வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. பலகையே உடைந்த வள்ளத்தை எத்தனை முறை அனுப்பச் சொன்னாலும் போகாது. விரையே பழுதானவருக்கு எல்.எச். ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும், இந்த மாத்திரையால் பலனில்லை. பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சிலருக்கு எண் ஏறும், நாட்டம் ஏறாது. மனநிலை மாறலாம், அபூர்வமாக ரத்தம் உறையலாம். பார்வை மங்கினாலோ கண்ணில் மின்னல் அடித்தாலோ அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

உன் 240-ஐயும் நான் அப்படியே நம்பவில்லை. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, தூக்கமில்லாமல், சாயங்காலம் கொடுத்த ரத்தம் அது. டெஸ்டோஸ்டிரோன் விடிகாலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். வெவ்வேறு நாளில் இரண்டு முறை, காலையில் எடுத்து, இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால்தான் குறைவு என்று பேச வேண்டும். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், சர்க்கரை, விந்தணுப் பரிசோதனை எல்லாம் பார்க்க வேண்டும். தூக்கமும் தொப்பையும் சரியானாலே சிலருக்கு எண் ஏறிவிடும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "எனக்குக் குழந்தை வேண்டும்" என்று முதலில் சொல். கூச்சப்படாதே. நான் கூச்சப்பட்டேன். ஒன்பது வருஷம் உன் மாமியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போனேன். அத்தனை ஊசியும் அவள் கையில்தான். 1581-இல் கட்டிய நம் திருச்சிலுவைக் கோயிலுக்கு ஒவ்வொரு செப்டம்பர் 14-ஆம் தேதியும் மேடேறிப் போய், தன் உடம்பில்தான் குறை என்று அழுதாள். என்னைச் சோதிக்க யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தை தங்காத வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் அதில் பங்கு உண்டு என்று கடையில் நின்ற எனக்குத் தெரியாதா? கடைசியில் என் ரிப்போர்ட் வந்த அன்று மாமிக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நீ வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் நம் வீட்டில் நன்றாகத் தூங்கு. திங்கள் காலை வெறும் வயிற்றோடு தூத்துக்குடி லேப்புக்குப் போவோம். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா